இரும்பு ரவையும் பழைய குழலும்

ரொறன்ரோவில் வேர்கொண்ட துவக்கு ஒன்று உண்டு. கூயி என்பவர் 1903இல் இந்நகரில் தொடங்கிய இயந்திரப் பட்டறை 1929இல் ஏரிக்கரையோரமாகக் கிழக்கே கோபர்க்குக்கு இடம்பெயர்ந்தது. 1961இல் வின்செஸ்டரின் தாய் நிறுவனமான ஒலினின் கைக்குப் போனது, 1979இல் மூடப்பட்டது. அங்கிருந்து வெளிவந்த கூயி 84 மடக்கித் தோட்டா போடும் ஒற்றைக்குழல் சொட்கன். விலை குறைவு, அலங்காரம் ஏதும் கிடையாது, கரடுமுரடாகப் புழங்கினாலும் தாங்கும். ஒன்ராறியோவின் பண்ணை வீடுகள் பலவற்றில் காகத்துக்கும் நரிக்கும் வாத்துக்கும் அந்த ஒரே துவக்குத்தான். அது செய்யப்பட்ட நாட்களில் தோட்டாவுக்குள் இருந்தது ஈய ரவை. இன்று அதைப் பேரப்பிள்ளை எடுத்து வாத்து வேட்டைக்குக் கொண்டுபோக நினைத்தால் ஈயத்தை உள்ளே போட முடியாது. கனடாவின் மத்திய அரசு 1997இல் நீர்நிலைகளை ஒட்டிய 200 மீற்றருக்குள்ளும், 1999 செப்டெம்பர் 1 முதல் நாடு முழுவதிலும், வலசைப் பறவை வேட்டையில் ஈய ரவையைத் தடைசெய்தது. வுட்கொக் போன்ற சில மேட்டுநிலப் பறவைகளுக்கு மட்டும் அப்போது விலக்கு இருந்தது. ஈயத்துக்குப் பதிலாகக் கடைகளில் மலிவாகக் கிடைப்பது இரும்பு ரவை. வேட்டைக்காரர் அதை 'ஸ்டீல்' என்பார்கள். உண்மையில் அது பதப்படுத்தி மென்மையாக்கிய தாழ்கரி இரும்பு. அப்படி மென்மையாக்கிய பிறகும் ஈயத்தைவிடப் பல மடங்கு கடினமானது.

இதை வைத்து இரண்டு கட்சிகள் கால் நூற்றாண்டாக வாதாடி வருகின்றன. ஒரு கட்சி, இரும்பு ரவை பழைய துவக்குகளைப் பாழாக்கும், ஆகவே சட்டமே பிழை என்கிறது. மற்றக் கட்சி, அதெல்லாம் வீண் பயம், எந்தத் துவக்கிலும் எதையும் போடலாம் என்கிறது. இரண்டும் ஒரே தவறைச் செய்கின்றன. 'பழைய துவக்கு' என்று ஒரு சாதி இருப்பதாக இரண்டும் எடுத்துக்கொள்கின்றன. அப்படி ஒரு சாதி இல்லை. ஒரு குழல் இரும்பைத் தாங்குமா என்பதை அதன் வயது தீர்மானிப்பதில்லை. குழல்வாயின் ஒடுக்கம், குழல் செய்யப்பட்ட உலோகமும் அதன் சுவர்த்தடிப்பும், தோட்டா அறையின் நீளம், போடப்படும் ரவையின் பருமன் ஆகியவையே தீர்மானிக்கின்றன. இவை எல்லாமே அளக்கக்கூடியவை. அளந்து பார்த்தால் சில துவக்குகள் அப்படியே தேறும், சில சிறு திருத்தத்தோடு தேறும், சிலவற்றுக்கு இரும்பு அல்லாத வேறு ரவை வேண்டும், சில சுவரில் தொங்கவேண்டும். ஈயம் கட்டாயம் வேண்டும் என்று சொல்லக்கூடிய துவக்கு மட்டும் அந்தக் கணக்கில் எங்கும் வராது. இதுவே என் வாதம்.

ஈயத்தை ஏன் விலக்கினார்கள் என்பதைச் சுருக்கமாகவேனும் சொல்லவேண்டும், ஏனெனில் துவக்குக்காரர் தாங்கும் சிரமத்துக்கு நியாயம் அங்கேதான் இருக்கிறது. தாராக்களுக்கும் வாத்துகளுக்கும் பல் இல்லை. தானியத்தை அரைக்க அவை சிறு கற்களை விழுங்கி, தசை தடித்த இரைப்பையில் வைத்துக்கொள்ளும். சேற்றில் கிடக்கும் ரவையும் சிறு கல்லும் பறவைக்கு ஒன்றுதான். இரைப்பையின் அமிலமும் அரைப்பும் சேர்ந்து ஈயத்தைக் கரைத்து இரத்தத்தில் சேர்க்கின்றன. பிறகு உணவுக்குழாய் செயலற்று இரை அடைத்துக்கொள்ளும், சிறகுகள் கூரைபோலத் தொங்கும், வயிறு நிறைய இரை இருக்கும்போதே பறவை பட்டினியால் மெலிந்து சாகும். ஒரு சில ரவைகளே இதற்குப் போதும். இலினோய் இயற்கை வரலாற்று ஆய்வகத்தின் ஃபிராங்க் பெல்ரோஸ் 1959இல் வெளியிட்ட ஆய்வில், வட அமெரிக்காவின் நீர்ப்பறவைகளில் ஆண்டுதோறும் 2 முதல் 3 வீதம் இப்படிச் சாவதாக மதிப்பிட்டார். அமெரிக்கா 1991இல் நாடளாவிய தடையை முழுமையாக்கியது. அதன்பின் மிசிசிப்பி வலசைப் பாதையில் 1996, 1997ஆம் ஆண்டுகளின் தாராக்களை ஆராய்ந்தவர்கள், மல்லார்ட் இனத்தில் ஈய நஞ்சுச் சாவு 64 வீதம் குறைந்ததாகக் கண்டார்கள். கனடியச் சான்று இன்னும் நுட்பமானது. தடைக்கு முன்னும் பின்னும் இளம் தாராக்களின் சிறகெலும்பில் இருந்த ஈயத்தை ஒப்பிட்டு 2005இல் வெளியான ஆய்வு, அது பாதியோ அதற்கு மேலுமோ இறங்கியிருப்பதைக் காட்டியது. விலக்களிக்கப்பட்ட வுட்கொக்கின் எலும்பிலோ அப்படி ஓர் இறக்கம் தெரியவில்லை. பெற்றோல் புகையோ தொழிற்சாலைக் கழிவோ குறைந்ததுதான் காரணம் என்று சொல்ல வருபவர், இரண்டு பறவைகளும் ஏன் வேறு வேறு விதமாகப் போயின என்பதற்கு விடை சொல்லவேண்டும்.

இனிக் குழலுக்குள் போவோம். தோட்டா ஒன்றை நெடுக்காக வெட்டிப் பார்த்தால் அடியில் வெடிமருந்து, அதன்மேல் பிளாஸ்ரிக் கிண்ணம், கிண்ணத்துக்குள் ரவை என்று அடுக்கு தெரியும். ஈயத் தோட்டாவில் அந்தக் கிண்ணம் மெல்லியதாக இருக்கும், பழைய தோட்டாக்களில் கிண்ணமே இராது. இரும்புத் தோட்டாவில் அது கண்ணுக்குத் தெரியும்படி தடித்தது, ரவையை மேல்விளிம்பு வரை பொதிந்து வைத்திருப்பது. ரவை குழலின் உட்சுவரை நேரே உரசிக் கீறாமலிருப்பதற்குத்தான் அந்த ஏற்பாடு, நல்ல தோட்டாவில் அது வேலை செய்கிறது. சிக்கல் குழலின் கடைசிச் சில அங்குலங்களில் இருக்கிறது. ரவைக் கூட்டம் தூரத்தில் சிதறிப்போகாமலிருக்கக் குழல்வாய்க்குச் சற்று முன்னே உட்துளையை ஒடுக்கியிருப்பார்கள். அந்த ஒடுக்கம்தான் சோக். 12 போர்த் துவக்கின் உட்துளை ஏறத்தாழ 18.5 மில்லிமீற்றர். ஃபுல் சோக் என்றால் ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவான ஒடுக்கம், மொடிஃபைட் என்றால் அரை மில்லிமீற்றர். ஈய ரவை மென்மையானது. ஒடுக்கத்தை எட்டியதும் நசுங்கி, ஒன்றோடொன்று இடம் மாறி வழிந்துவிடும். இரும்பு நசுங்காது. புனலில் ஒரேயடியாகக் கொட்டிய கொட்டைப்பாக்குப்போல ஒரு கணம் முட்டிக்கொண்டு பக்கச் சுவரை வெளியே தள்ளும். சுவர் மெல்லியதாகவோ உலோகம் மென்மையாகவோ இருந்தால், ஒடுக்கம் தொடங்குமிடத்தில் குழலைச் சுற்றி வளையமாக ஒரு வீக்கம் எழும். குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்தால் சுவரில் ஓடும் நிழற்கோடு அந்த இடத்தில் உடைந்து இருண்ட வளையமாகத் தெரியும். இரட்டைக்குழல் துவக்கில் இது இன்னும் மோசம், இரு குழல்களையும் இணைக்கும் பற்றாசு விட்டுப்போகலாம்.

முட்டிக்கொள்வது எவ்வளவு என்பது ரவையின் பருமனைப் பொறுத்தது. சின்ன ரவை மணல்போல ஓடிவிடும், பெரிய ரவைக்குத்தான் இடம் மாற இடமில்லை. வாத்து வேட்டை, பழைய துவக்குக்கு மிகக் கடினமான சோதனையாவது இங்கேதான். இரும்பின் அடர்த்தி ஒரு கன சென்ரிமீற்றருக்கு 7.9 கிராம், ஈயத்தினது 11.3. வாத்துக்கு முன்பு போட்ட 2ஆம் இலக்க ஈய ரவை ஒன்று ஏறத்தாழ 0.32 கிராம் இருக்கும். அதே பருமனில் இரும்பு 0.23 கிராம்தான். இழந்த எடையை ஈடுகட்ட இரண்டு மூன்று இலக்கம் பெரிதாகப் போகவேண்டும் என்பது வேட்டைக்காரரின் வாய்ப்பாடு. அப்படிப் போனால் பிபி எனப்படும் 4.57 மில்லிமீற்றர் ரவையில் வந்து நிற்போம். ஐரோப்பிய நாடுகளின் துவக்குப் பரிசோதனை அவையம், 4 மில்லிமீற்றரைவிடப் பெரிய இரும்பு ரவையைப் பாதிச் சோக்கைவிட இறுக்கமான குழலில் சுடக்கூடாது என்று வகுத்திருக்கிறது. தாரா வேட்டைக்காரர் சின்ன ரவையோடு தப்பிவிடலாம். வாத்து வேட்டைக்காரர் தேவையின் நிமித்தமே அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறார். தாராவுக்குப் பயன்படுத்தி ஒன்றும் ஆகவில்லை என்ற சாட்சியம் வாத்து வேட்டைக்குச் செல்லாது.

வேறொரு பயத்தையும் இங்கே தனியே பிரித்து வைக்கவேண்டும். இரும்புத் தோட்டாவின் அழுத்தம் துவக்கை வெடிக்க வைக்கும் என்பார்கள். வட அமெரிக்கத் தொழில் நியமப்படி, 12 போர் 2¾ அங்குலத் தோட்டாவுக்கும் 3 அங்குலத் தோட்டாவுக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 11,500 இறாத்தல். உள்ளே ஈயமா இரும்பா என்பதால் அந்த எல்லை மாறுவதில்லை. மொடிஃபைட் சோக்கும் நல்ல உருக்குக் குழலும் உடைய துவக்கு, தனக்குரிய நீளத் தோட்டாவோடு இரும்பைச் சுட்டால் சுடுபவருக்கு ஆபத்து இல்லை. பெரும்பாலான சந்தர்ப்பங்களில் இரும்பு கெடுப்பது குழலின் வடிவத்தை, சுடுபவரின் கையை அல்ல. விதிவிலக்கு இரண்டு, இரண்டும் உயிர் சார்ந்தவை. ஒன்று டமாஸ்கஸ் குழல். இரும்பும் உருக்குமான பட்டைகளை முறுக்கிச் சுற்றி, அடித்து ஒட்டவைத்துச் செய்த அந்த 19ஆம் நூற்றாண்டுக் குழல்கள் கரிமருந்தின் மெல்லிய தள்ளுதலுக்கென்று உருவானவை. அவற்றில் இன்றைய இரும்புத் தோட்டாவுக்கு இடமே இல்லை. இரண்டாவது குட்டையான அறை. பழைய பிரித்தானியத் துவக்குகள் பலவற்றின் அறை 65 மில்லிமீற்றர், இன்றைய சாதாரணத் தோட்டா 70 மில்லிமீற்றர். மடித்த வாயோடு இருக்கையில் அது சிக்கலின்றி உள்ளே போகும். வெடிக்கையில் மடிப்பு விரிந்து அறைக்கு முன்னுள்ள குறுகலுக்குள் நீளும், வழி இறுகும், அழுத்தம் ஏறும். தோட்டா உள்ளே போகிறது என்பதால் அது பொருந்துகிறது என்று நம்புவது, பழைய துவக்கோடு செய்யக்கூடிய மிக மோசமான பிழை.

இந்த அளவுகோல்களை உண்மையான துவக்குகளில் வைத்துப் பார்ப்போம். கூயி 84இன் குழல் ஒற்றை, சாதாரண உருக்கு, பற்றாசு விட்டுப்போக ஒன்றும் கிடையாது. ஆனால் அவற்றில் பல ஃபுல் சோக். அதைத் துவக்குத் திருத்துபவர் ஒருவர் சீவி மொடிஃபைட் அளவுக்கு விரித்துவிடலாம். சேகரிப்போர் பெரிய விலை கொடுக்கும் துவக்கு அல்ல என்பதால், விரித்ததில் மதிப்புப் போய்விட்டதே என்று யாரும் அழப்போவதில்லை. பிரௌனிங் ஓட்டோ-5 வேறு கதை. பெல்ஜியத்தின் ஹேர்ஸ்டாலில் செய்யப்பட்ட குழல்களில் இரும்பு ரவை வேண்டாம் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. பின்னாளில் ஜப்பானில் செய்த, மாற்றத்தக்க சோக்குடைய குழல் பழைய உடலிலும் பொருந்தும், ஆகவே பாட்டனின் துவக்கு நிலைக்கும், குழல் மட்டும் மாறும். கையால் இழைத்த ஆங்கிலேய இரட்டைக்குழலோ எடை குறைவுக்காகவே சுவரை மெலித்துச் செய்யப்பட்டது. அதன் சோக்கை விரிப்பதும் அதன் மதிப்பை அழிப்பதும் ஒன்று, விரித்தாலும் மெல்லிய சுவர் மெல்லிய சுவர்தான். அதற்கு இரும்பு ஆகாது. மூன்றும் பழையவை, மூன்றுக்கும் மூன்று தீர்ப்பு.

சோக்கை விரித்தால் ரவை சிதறும், தூரத்து வாத்துக்கு எட்டாது என்று மறுப்பார்கள். ஈயத்துக்கு அது உண்மை. இரும்புக்கு அல்ல. ஈய ரவை குழலில் நசுங்கிச் சப்பையாவதால்தான் காற்றில் வழி தவறி விளிம்புக்கு ஓடுகிறது, அதை அடக்கத்தான் ஃபுல் சோக் தேவைப்பட்டது. இரும்பு ரவை உருண்டையாகவே வெளியேறி நேரே போவதால், மொடிஃபைட் சோக்கில் சுட்ட இரும்பு, ஃபுல் சோக்கில் சுட்ட ஈயத்துக்கு நிகரான நெருக்கத்தைத் தருகிறது. குழலைக் காப்பாற்றும் திருத்தம் வேட்டையில் எதையும் பறிக்கவில்லை. இறுக்கமான சோக்குத்தான் நல்ல சோக் என்பது ஈய காலத்து அனுபவம், ஈயம் போனதோடு அதன் பயனும் போயிற்று. இன்னொரு மறுப்பு, இருபது வருடமாக ஃபுல் சோக்கில் இரும்பு சுடுகிறோம், ஒன்றும் ஆகவில்லை என்பது. இருக்கலாம், தடித்த சுவரும் சின்ன ரவையும் சேர்ந்திருந்தால் ஆகாமலே போகும். ஆனால் வீக்கம் மெல்ல மெல்ல, வெளியே தெரியாமல் வளரக்கூடியது. வீங்கிய குழலை உடையவர் அதற்கு ஓய்வு கொடுத்துவிடுகிறார், வீங்காத குழலை உடையவர்தான் கதை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இரும்பு பறவையைக் கொல்லாமல் காயப்படுத்திவிடும், ஈய நஞ்சில் மிச்சம் பிடித்த உயிர்கள் புண்பட்டுப் பறந்து சாகும் என்பதே இவற்றில் கனமான மறுப்பு. தொடக்க காலத்தில் இதில் உண்மை இருந்தது. வேட்டைக்காரர் தாங்களே பதிவுசெய்த அமெரிக்கக் கணக்குகளில், மாற்றம் நடந்த ஆண்டுகளில் சுட்டும் கையில் கிடைக்காத பறவைகளின் விகிதம் ஏறியது. பிறகு அது தடைக்கு முன்பிருந்த நிலைக்கும் கீழே இறங்கியது. பழக்கம் மாறியதும் தோட்டா மேம்பட்டதும் இதற்குக் காரணம். 1988 அளவில் வந்த 3½ அங்குலத் தோட்டாவே பெரிய இரும்பு ரவையை அதிகம் அடைக்கவென்று பிறந்ததுதான், பழைய துவக்குக்காரருக்கு அதில் பங்கில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1996இல் ஈய ரவையை முற்றாக விலக்கிய டென்மார்க்கில், அடுத்த ஆண்டு முதல் காயப்படுத்தலைக் குறைக்கும் இயக்கம் ஒன்று நடந்தது. அருகில் வந்தால் மட்டும் சுடு என்பதே அதன் சாரம். உயிரோடு பிடித்த வாத்துகளை எக்ஸ்றே எடுத்துப் பார்க்கையில், உடலில் ரவை தாங்கியவற்றின் பங்கு ஆண்டு செல்லச் செல்லக் குறைந்திருந்தது. புண்படுத்துவதில் உலோகத்தைவிடத் தூரத்துக்கே பங்கு அதிகம். பழைய துவக்கோடு 35 மீற்றருக்குள் நிற்பவர் இரும்பின் குறையை உணரமாட்டார். 55 மீற்றரில் வானத்தைப் பார்த்துச் சுடுபவருக்கு ஈயமும் துணை நின்றதில்லை.

வாத்துக்கு என்ன குறைச்சல், ஸ்காபரோப் பூங்காக்களில் நடைபாதையை மறித்தல்லவா நிற்கின்றன, அவற்றுக்காக இவ்வளவு கவலையா என்று கேட்பவர்களும் உண்டு. இன்று ரொறன்ரோவைச் சுற்றிக் குடியிருக்கும் பெருங்கனடா வாத்து ஒரு காலத்தில் அற்றுப்போனதாகவே எண்ணப்பட்ட இனம். 1962இல் மினசோட்டாவின் ரொச்செஸ்டரில் அதை மீண்டும் அடையாளம் கண்டார்கள், பின்னர் தெற்கு ஒன்ராறியோவில் திட்டமிட்டுக் குடியேற்றினார்கள். அது ஒரு புறம். முக்கியமானது, சேற்றில் விழுந்த ரவை தன்னை யார் விழுங்குகிறார் என்று பார்ப்பதில்லை. ஒன்ராறியோவில் கடைசி டிரம்பெற்றர் அன்னம் 1886இல் லோங் பொயின்றில் சுடப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. உயிரியலாளர் ஹரி லம்ஸ்டன் 1982இல் அதை மீட்கும் பணியைத் தொடங்கியபோது, அந்தப் பறவைகளைக் கொன்ற காரணங்களில் ஈய நஞ்சு முன்வரிசையில் நின்றது. நீண்ட கழுத்தால் ஆழச் சேற்றைக் கிளறித் தின்னும் அன்னம், பத்தாண்டுகளுக்கு முன் அமிழ்ந்த ரவையையும் எடுத்துவிடும். வாத்துக்குப் போட்ட ஈயம் அன்னத்தைப் போய்ச் சேர்ந்தது, அதுவும் சுட்டவர் துவக்கை வைத்துவிட்ட பிறகு.

எஞ்சுவது செலவு. சட்டம் இரும்பைத்தான் போடு என்று சொல்லவில்லை, நஞ்சற்ற ரவையைப் போடு என்கிறது. அங்கீகரிக்கப்பட்டவற்றில் பிஸ்மத்தும் சில தங்ஸ்ரன் கலவைகளும் உண்டு. வெள்ளீயம் சேர்த்த பிஸ்மத் ரவையின் அடர்த்தி 9.6, இரும்புக்கும் ஈயத்துக்கும் நடுவே. இரும்புபோல் விறைத்து நிற்காமல் ஒடுக்கத்தில் ஈயம்போல் இணங்கிப் போகும். அதை உருவாக்கிக் காப்புரிமை பெற்றவர் ஜோன் பிரவுன் என்ற கனடியர் என்பதை இங்குள்ள வேட்டைக்காரர்களே அதிகம் அறிந்திருக்கவில்லை. ஆங்கிலேய இரட்டைக்குழலுக்கும் பெல்ஜியக் குழலுக்கும் அறை நீளம் பார்த்து வாங்கிய பிஸ்மத் தோட்டாவே முறையான விடை. விலை இரும்பைவிடப் பல மடங்கு. ஆனால் விலையுயர்ந்த மரபுத் துவக்கை ஆண்டில் சில நாள் வெளியே எடுப்பவர், அதே நாளில் செலவிடும் எரிபொருளையும் கணக்கில் வைத்தால், அந்தத் தோட்டா தனக்குக் கட்டாது என்று முறையிடுவது எனக்கு நம்பும்படியாக இல்லை.

செலவு உண்மையில் அழுத்துவது வேறு இடத்தில். ஒன்ராறியோவின் வடக்கே, ஜேம்ஸ் விரிகுடாவின் மேற்குக் கரையில் ஃபோர்ட் ஆல்பனி, அற்றவாபிஸ்கற் முதலிய கிறீ மக்களின் ஊர்களில் இளவேனில் வாத்து வேட்டை பொழுதுபோக்கு அல்ல, ஆண்டின் இறைச்சி. துவக்குகளும் தலைமுறை கடந்தவை, தோட்டா வந்து சேரும் செலவும் அதிகம். ஈயத்தின் கெடுதி மனிதரில் மிகத் தெளிவாகப் பதிவானதும் அங்கேதான். இப்போது ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் இருக்கும் லெனார்ட் சுஜியும் அவரது குழுவினரும் அந்த மக்களின் எக்ஸ்றேப் படங்களில் குடலில் தங்கிய ரவைகளைக் கண்டார்கள். இரத்தத்தில் இருந்த ஈயத்தின் ஓரிடத்தான் விகிதம் தோட்டா ஈயத்தோடு ஒத்துப்போவதை 2008இல் காட்டினார்கள். ஈயத்தை விட்டால் அதிகம் பயன் பெறப்போகிறவர்களும், விடுவதற்கான செலவை எளிதில் தாங்க முடியாதவர்களும் இவர்களே. நகரத்து வேட்டைக்காரருக்குக் கேட்டால் கிடைக்கும் அளவுமானியும் திருத்துபவரும் பிஸ்மத் தோட்டாவும் அந்த ஊர்களுக்கும் போகவேண்டும். ஒரு சோக்கை அளந்து விரிப்பது பெரிய வேலையல்ல. கருவியோடு ஒருவர் சில நாள் ஓர் ஊரில் தங்கினால் அங்குள்ள துவக்குகளில் பலவற்றைப் பார்த்து முடிக்கலாம். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகச் சட்டம் தோட்டாவை மட்டும் பார்த்திருக்கிறது. குழலைப் பார்க்கும் அந்தச் சின்ன வேலைக்கான செலவை மத்திய அரசு ஏற்பதற்கு, வேட்டை அனுமதிச் சீட்டின் கட்டணத்தில் ஒரு சிறு பங்கை ஒதுக்கினாலே தொடங்கிவிடலாம்.